எழுதாம விட்டதுக்கு யார் மேல கேஸ் போடுறது?

பல்லேகமவுக்கு நாங்கள் வரலாறு தேடிப் போகவில்லை. ரிவஸ்டன் பார்க்கத்தான் போனோம். ஆறு பேர். காலையில் மாத்தளையில் பஸ் ஏறி, ரத்தோட்டை தாண்டி, வளைவு வளைவாக மேலே போனால் ரிவஸ்டனில் பனியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பிட்டவல பத்தனையில் கொஞ்ச நேரம் நின்று போட்டோ எடுத்தோம். "வந்தது வந்தாச்சு, ரோடு முடியுற வரைக்கும் போவோம்" என்று ஒருத்தி சொன்னாள். அப்படித்தான் பல்லேகம.

பழைய பல்லேகம இப்போது தண்ணீருக்குக் கீழே இருக்கிறது. களு கங்கை நீர்த்தேக்கத்துக்காக ஊரையே தூக்கி வேறு இடத்தில் வைத்தார்கள். அதுதான் இப்போது லக்கல புதிய நகரம். பஸ் நிலையம், கடைத்தொகுதி, அரசாங்க அலுவலகங்கள் எல்லாம் ஒரே வயதுக் கட்டடங்கள். அங்கே ஒரு சின்னக் கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து மேசையில் இருந்த வயதான ஒருவர் சிங்களத்தில் பேச்சுக் கொடுத்தார். எந்த ஊர் என்று கேட்டார். உக்குவெல, ரத்தோட்டை, எல்கடுவ என்று ஆளுக்கொன்று சொன்னோம்.

எல்கடுவ என்றதும் அவருடைய முகம் மாறியது. "கொங்காலேகொட பண்டாவைப் பிடிச்ச ஊராச்சே அது!"

எங்களில் இருவர் எல்கடுவத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். இரண்டு பேருக்குமே இது தெரியாது.

1848 பற்றிப் படிச்சிருக்கீங்களா என்று கேட்டார். படிச்சிருக்கோம் அங்கிள், நாய் வரி, துப்பாக்கி வரி, புரன் அப்பு என்று பரீட்சை விடை மாதிரி ஒப்பித்தோம். அவர் சிரித்தார். பிறகு பேச்சு அவருடைய மூழ்கிப்போன ஊருக்குப் போனது. "டிவிக்காரங்க வந்தாங்க. தண்ணிய எடுத்தாங்க, மந்திரிய எடுத்தாங்க, போயிட்டாங்க. தண்ணிக்குள்ள எங்க வயல் இருக்குனு ஒருத்தனும் கேக்கல" என்றார்.

திரும்பி வந்த பஸ்ஸில் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். அதற்குப் பிறகு இரண்டு மாதம் 1848ஐப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தோம். படிக்கப் படிக்க, பள்ளிக்கூடத்தில் ஒரு பக்கத்தில் முடிந்துபோன பாடத்துக்குள் எங்களுடைய கதையும் ஒளிந்திருந்தது தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

*

முதலில் தெரிந்த கதை. 1847 மே மாதம் டொரிங்டன் பிரபு இலங்கையின் தேசாதிபதியாக வருகிறார். அன்றைய பிரித்தானியப் பிரதமர் ஜோன் ரஸ்ஸலின் உறவினர். அந்தக் காலத்தில் உலகச் சந்தையில் கோப்பி விலை விழுந்து கிடந்தது. அரசாங்கத்தின் கஜானா காலி. அதை நிரப்பப் புதிய வரிகள் வந்தன. துப்பாக்கிக்கு இரண்டரை ஷில்லிங், நாய்க்கு ஒரு ஷில்லிங், கடைக்கு ஒரு பவுண். வீதிச் சட்டப்படி வயதுவந்த ஆண்கள் வருஷத்துக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், முடியாதென்றால் மூன்று ஷில்லிங் கட்ட வேண்டும்.

கண்டி நாட்டுக் கிராமத்தானுக்கு ஷில்லிங் எங்கிருந்து வரும்? நெல்லும் குரக்கனும் விளைவித்துச் சாப்பிடுகிறவன் அவன். அதற்கு எட்டு வருஷம் முன்னால்தான் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் வந்திருந்தது. பத்திரம் காட்ட முடியாத காடும் சேனையும் முடிக்குரிய காணி என்றது அது. அந்தக் காணிகள் கோப்பித் தோட்டங்களாக மாறிக்கொண்டிருந்தன. காணியும் போய், வரியும் வந்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

1848 ஜூலை ஆரம்பத்தில் கண்டிக் கச்சேரிக்கு முன்னால் ஆயிரக்கணக்கில் மக்கள் கூடினார்கள். ஜூலை கடைசியில் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டாவுக்கு அரசனாக முடிசூட்டினார்கள். அடுத்து மாத்தளைக் கச்சேரி தாக்கப்பட்டது, பதிவேடுகள் அழிக்கப்பட்டன. ஜூலை 29இல் கண்டியில் இராணுவச் சட்டம். ஆகஸ்ட் 8இல் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். அதே மாதம் குடாபொல தேரர் காவியுடையோடு சுடப்பட்டார். அவர் குற்றமற்றவர் என்று சட்டத்தரணிகள் சொல்லப் போனபோது, ஊரிலுள்ள அத்தனை சட்டத்தரணிகளும் வந்து சொன்னாலும் நாளைக் காலை அவன் சாவான் என்கிற மாதிரி டொரிங்டன் பதில் சொன்னதாகப் பின்னால் லண்டன் வரை குற்றச்சாட்டுப் போனது. இராணுவ நீதிமன்றத் தீர்ப்புகளால் மட்டும் 18 பேர் கொல்லப்பட்டார்கள். பிரித்தானியப் படையில் ஒரு சிப்பாய்கூடச் சாகவில்லை.

பண்டா செப்டெம்பரில் எல்கடுவவில் பிடிபட்டார். மரண தண்டனை கசையடியாகவும் நாடுகடத்தலாகவும் மாற்றப்பட்டு, மலாக்காவுக்கு அனுப்பப்பட்டு அங்கேயே இறந்தார்.

*

இனி, பாடப் புத்தகத்தில் நாங்கள் கவனிக்காத கதை. அது பத்திரிகையின் கதை.

அப்போது கொழும்பில் 'கொழும்பு ஒப்சேர்வர்' என்ற ஆங்கிலப் பத்திரிகை இருந்தது. ஆசிரியர் கிறிஸ்டோபர் எலியட், அயர்லாந்துக்காரர், தொழிலால் டொக்டர். புதிய வரிகளைக் கடுமையாக எதிர்த்தார். 'ஓர் ஆங்கிலேயன்' என்ற பெயரில் ஒரு கடிதம் அவருடைய பத்திரிகையில் வந்தது. மக்களுக்குப் பிரதிநிதிகளே இல்லாத நாட்டில் இப்படி வரி போடுவது நியாயமா என்று கேட்டது அது. பிரான்சில் அந்த வருஷம் பெப்ரவரியில்தான் புரட்சி நடந்து அரசன் ஓடியிருந்தான். அதையும் நினைவூட்டியது. கடிதம் சிங்களத்தில் பெயர்க்கப்பட்டுக் கிராமங்களுக்குப் போனது.

கலகம் அடங்கியதும் அரசாங்கம் என்ன சொன்னது தெரியுமா? பத்திரிகைக்காரன் தூண்டிவிட்டான், அதனால்தான் இவர்கள் கிளம்பினார்கள் என்றது. பசித்தவனுக்குப் பசிக்கிறதென்று வேறொருவன் கடிதம் எழுதித்தான் தெரிய வேண்டுமா? காணி போனது, வரி வந்தது, பிக்குகளையும் வீதி வேலைக்குக் கூப்பிட்டது எல்லாம் பின்னால் போய், 'வெளியிலிருந்து வந்த தூண்டுதல்' முன்னால் வந்தது. இந்த வசனம் எங்களுக்கு நல்ல பழக்கம். தோட்டத்தில் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தால் இன்றைக்கும் முதலில் கேட்கிற கேள்வி, "யார் பின்னால இருக்காங்க?"

லண்டனுக்குச் செய்தி போய்ச் சேர்ந்த பிறகு கதை இன்னும் சிக்கலானது. பாராளுமன்றத்தில் விசாரணைக் குழு போட்டார்கள். அதில் மாத்தளையில் அதிகாரத்தில் இருந்த கப்டன் வொட்சனின் பெயர் அடிபட்டது. கலகக்காரரின் சொத்தை மறைக்கிறவர்களைக் கொல்லப்போவதாக மிரட்டும் அறிவித்தல்களில் அவருடைய கையெழுத்து இருந்தது. அது என் கையெழுத்தே இல்லை, போலி என்றார் வொட்சன். உண்மையைக் கண்டுபிடிக்க ஓர் ஆணைக்குழுவே இலங்கைக்கு வந்தது. கையெழுத்து அவருடையதுதான் என்று முடிவானது.

முடிவாகி என்ன நடந்தது? டொரிங்டனை 1850இல் திருப்பி அழைத்தார்கள். 1851 மே மாதம் ஹென்றி பெய்லி என்ற உறுப்பினர் கொண்டுவந்த கண்டனத் தீர்மானத்தைப் பாராளுமன்றம் விவாதித்தது. நிறைவேறியிருந்தால் ரஸ்ஸலின் அரசாங்கமே ஆடிப்போயிருக்கும். தீர்மானம் தோற்றது. டொரிங்டன் பின்னாளில் விக்டோரியா அரசியின் அரண்மனைப் பணியில் நிம்மதியாக வாழ்ந்தார். மாத்தளையில் சுடப்பட்டவர்களைப் பற்றி லண்டனில் மூன்று வருஷம் பேசினார்கள், ஆனால் கடைசியில் வாக்கெடுப்பு நடந்தது யாருடைய நாற்காலி நிற்குமா விழுமா என்பதற்கு.

*

இதையெல்லாம் படித்துக்கொண்டு போகும்போது எங்களில் ஒருவன் கேட்டான்: "சரி, அந்த நேரம் நம்ம ஆளுங்க எங்க இருந்தாங்க?"

இருந்தார்கள். அதே மாத்தளையில்தான். மன்னாரில் வந்து இறங்கி, காட்டு வழியாக நடந்து, தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு வருகிற வடக்குப் பாதை அவர்களுடைய பாதை. பண்டாவுக்கு முடிசூட்டிய விகாரைக்குப் பக்கத்தால்தான் எங்களுடைய பாட்டன் பாட்டிமார் மூட்டை முடிச்சோடு நடந்து போயிருக்கிறார்கள். கிராமத்தானிடமிருந்து போன காணியில் கோப்பி நட்டவர்களும் பறித்தவர்களும் அவர்கள்தான். அவர்களும் அந்த வெள்ளைக்கார அரசாங்கத்தால் ஏமாற்றப்பட்டவர்கள்தான். ஆனால் 1848இன் எந்தப் பக்கத்துப் பேச்சிலும் அவர்கள் ஒரு ஆளாக வருவதில்லை.

ஒரே ஒரு தரம் வருகிறார்கள். 1849இல் அதே ஒப்சேர்வர், 1840களில் வந்த கூலிகளில் கால்வாசிப் பேர், சுமார் 70,000 பேர், செத்துப்போயிருப்பார்கள் என்று ஒரு கணக்குப் போட்டது. கொலரா, அம்மை, பசி, காட்டு வழி. அந்தக் கணக்கு எவ்வளவு சரி என்று பிறகு வந்த ஆய்வாளர்கள் வாதாடட்டும். எங்களுக்கு உறைத்தது வேறு. கணக்கு மட்டும் இருக்கிறது, அதில் ஒரு பெயர்கூட இல்லை. புரன் அப்புவின் பெயர் தெரியும். குடாபொல தேரரின் பெயர் தெரியும். எழுபதாயிரத்தில் எழுபது பேரின் பெயர் சொல்லுங்கள் பார்ப்போம்.

18 பேர் சுடப்பட்டதற்கு விசாரணைக் குழு வந்தது. வரத்தான் வேண்டும், அதில் எங்களுக்குப் பொறாமை இல்லை. ஆனால் பாதையோரம் செத்தவர்களுக்காக எந்தத் தேசாதிபதியையும் யாரும் திருப்பி அழைக்கவில்லை. மக்களுக்காகப் பேசிய ஒப்சேர்வரே 1859இல் பெர்குசனின் கைக்கு மாறி, காலப்போக்கில் தோட்டத் துரைமாரின் பத்திரிகையாகிவிட்டது.

*

இந்த இடத்தில் லண்டனுக்கு ஒரு தாவல் தாவ வேண்டியிருக்கிறது, மன்னிக்கவும்.

2009இல் எங்களுக்கு எட்டு, ஒன்பது வயசு. வன்னியில் யுத்தம் முடிந்துகொண்டிருந்த மாதங்கள். வீட்டில் பெரியவர்கள் வானொலிச் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்பார்கள். ஏப்ரலில் லண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் தமிழர்கள் கூடி, பிரித்தானிய அரசாங்கமே யுத்தத்தை நிறுத்தச் சொல் என்று வாரக்கணக்கில் நின்றார்கள். பரமேஸ்வரன் சுப்பிரமணியன் என்ற இளைஞர் அங்கே மூன்று வாரத்துக்கு மேல் உண்ணாவிரதம் இருந்தார். அரசாங்கம் அனுதாபமாகப் பேசியது, யுத்தம் நிற்கவில்லை.

அந்த ஒக்டோபரில் டெய்லி மெயில், த சன் என்ற இரண்டு பத்திரிகைகள், உண்ணாவிரதக்காரர் ஒளித்து ஒளித்து பேர்கர் சாப்பிட்டார் என்று எழுதின. கதை உலகமெல்லாம் போனது. எங்கள் ஊர் டியூசன் வகுப்பு வரைக்கும் வந்து சேர்ந்தது. பரமேஸ்வரன் வழக்குப் போட்டார். 2010 ஜூலையில் இரண்டு பத்திரிகைகளும் அது பொய் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டு, மொத்தம் 77,500 பவுண் நஷ்டஈடு கொடுத்தன. ஆனால் எங்களில் நான்கு பேருக்கு பேர்கர் கதை தெரிந்திருந்தது. அது பொய்யென்று நிரூபிக்கப்பட்டது ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது.

வொட்சனின் கையெழுத்து ஞாபகம் வருகிறதா? உண்மை வந்து சேர்ந்தபோது அதைக் கேட்க ஆள் இல்லை.

ஆனாலும் ஒன்று கவனியுங்கள். பொய்யாக எழுதினால் வழக்குப் போடலாம். கஷ்டம்தான், காலம் பிடிக்கும்தான், ஆனால் காட்டுவதற்கு ஒரு பக்கம், ஒரு திகதி, ஒரு வரி கையில் இருக்கிறது. எழுதாமலே விட்டால்? எந்தப் பக்கத்தைக் காட்டுவது? யார் மேல கேஸ் போடுறது?

*

மலையகத் தமிழருக்கு இது வெறும் பத்திரிகைப் பிரச்சினையாக நிற்கவில்லை. 1848க்குச் சரியாக நூறு வருஷம் கழித்து, 1948இல், சுதந்திர இலங்கையின் பாராளுமன்றம் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. தந்தையோ பாட்டனோ இங்கே பிறந்ததற்கு ஆதாரம் காட்டு என்றது. பாதையோரம் செத்தவனின் பெயரையே யாரும் எழுதாத நாட்டில் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவது? எங்கள் வீட்டுப் பெரியவர்களும் சேர்த்து ஏறக்குறைய ஏழு லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் வாக்கில் இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு ஆசனம் பிடித்திருந்தது. அடுத்த தேர்தலுக்கு வாக்கே இல்லை.

அப்போதும் ஒரு வாசல் லண்டனில் திறந்திருந்தது. கோடகன் பிள்ளை என்பவர் தன் பெயரை வாக்காளர் இடாப்பில் சேர்க்கச் சொல்லி வழக்காடினார். சிறுபான்மையினருக்குப் பாதகமான சட்டம் இயற்றக் கூடாதென்று சோல்பரி அரசியல் யாப்பின் 29ஆம் பிரிவு சொல்கிறதே, அதை நம்பிப் போன வழக்கு. கடைசியில் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1953இல் அவர்கள் சொன்னது: சட்டம் செல்லும். கூட்டிவந்ததும் அவர்கள், யாப்பு எழுதித் தந்ததும் அவர்கள், அந்த யாப்பு உங்களைக் காப்பாற்றாது என்று தீர்ப்புச் சொன்னதும் அவர்கள். பிரித்தானியா மேல் எங்களுக்கு ஒரு கோபம் உண்டென்றால் அது இந்த இடத்தில்தான்.

அந்தக் காணியை இழந்த கிராமத்தானின் பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் மேல் ஏன் கோபம் வந்தது என்பதும் இப்போது கொஞ்சம் விளங்குகிறது. காணியைப் பிடுங்கிய துரை கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் போய்விட்டான். அந்தக் காணியில் லயத்தில் இருந்த நாங்கள்தான் கண்ணுக்குத் தெரிந்தோம். இரண்டு பேரையும் ஏமாற்றியவன் ஒருவனே என்று எழுத அன்றைக்கு இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பத்திரிகை இருக்கவில்லை.

முயற்சி செய்தவர்கள் இருந்தார்கள். தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் 1924இல் 'தேசபக்தன்' நடத்தத் தொடங்கினார். வெளியாள் தோட்டத்துக்குள் காலடி வைக்க முடியாத காலத்தில், புடவை வியாபாரி வேஷத்தில் உள்ளே போய் லயங்களைப் பார்த்து எழுதினார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் எழுதினார், பாட்டுப் பாடித் துண்டுப் பிரசுரம் விற்றார். ஒப்சேர்வர் எழுபதாயிரம் என்று ஒரு எண்ணைச் சொல்லி விட்டுப்போனது. இவர்கள் லயத்துக்குள் போய் அம்மாவிடம், அக்காவிடம், கங்காணியிடம் கேட்டு எழுதினார்கள்.

*

நாங்கள் குறை சொல்வதோடு நிறுத்த விரும்பவில்லை, ஏனென்றால் எங்களிடமும் குறை இருக்கிறது.

மூன்று வருஷத்துக்கு முன் எங்களில் ஒருத்தியின் தோட்டத்தில் லயன் வரிசை ஒன்று எரிந்தது. ஒரு பத்திரிகையிலிருந்து ஆள் வந்தார். எல்லோரும் நடந்ததைச் சொன்னார்கள். போகிற வழியில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மாமாரைப் படம் எடுத்தார். அடுத்த வாரம் நெருப்புச் செய்தி நான்கு வரி. கூடையோடு சிரிக்கும் அம்மாவின் படம் அரைப் பக்கம், தேயிலையின் அழகைப் பற்றி. அந்த அம்மாவின் வீடும் எரிந்த வரிசையில்தான் இருந்தது. நாங்கள் கோபப்பட்டோம், வாட்ஸப்பில் திட்டினோம், மறந்துவிட்டோம். நாங்களாவது எழுதினோமா? இல்லை. எந்த வீடுகள் எரிந்தன, யார் எங்கே தங்கினார்கள், எத்தனை மாதம் கழித்துக் கூரை வந்தது, ஒன்றையும் நாங்கள் குறித்து வைக்கவில்லை.

2023இல் மலையக மக்கள் வந்து 200 வருஷம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். ஜூலை 28இல் கிளம்பி, ஆகஸ்ட் 12இல் மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். கடைசி நாள் நாங்களும் மாத்தளையில் நின்றோம். எங்கள் போன்களில் நூற்றுக்கணக்கில் செல்பிகள் இருக்கின்றன. நடந்து வந்த ஒரு பாட்டியிடமாவது, உங்க பாட்டி பேர் என்னம்மா என்று கேட்டுக் குறித்த ஒரு துண்டு இல்லை.

அதனால் இப்போது ஒரு கொப்பி வாங்கியிருக்கிறோம். ஆறு பேரும் ஆளுக்கு ஐந்து வீட்டுக்குப் போகிறோம். கேட்பது மூன்றே கேள்வி: உங்களுக்குத் தெரிந்த ஆகப் பழைய பெயர் எது, அவர் எந்த வழியாக வந்தார், எங்கே புதைத்தார்கள். இதுவரை பதினொரு வீடு முடிந்திருக்கிறது. ரத்தோட்டையில் ஒரு தாத்தா நான்கு தலைமுறைப் பெயரை மூச்சு விடாமல் சொன்னார். எல்கடுவவில் ஒரு பாட்டி, "எழுதி என்னா சாமி கெடைக்கப்போகுது" என்று கேட்டுவிட்டு, நாங்கள் எழும்பும்போது கையைப் பிடித்து, "எங்கம்மா பேரு விட்டுப்போச்சு, எழுதிக்க" என்றார்.

கொப்பியின் முதல் பக்கத்தில் மட்டும் தமிழ்ப் பெயர் இல்லை. பல்லேகமவில் பிளேன்டீ குடித்தபோது அந்தப் பெரியவர் சொன்ன அவருடைய வயலின் பெயரும், அதற்குப் பக்கத்தில் நின்ற புளியமரத்தின் அடையாளமும் இருக்கின்றன. பஸ்ஸில் வரும்போதே ஒருத்தி டிக்கெட்டின் பின்பக்கத்தில் குறித்து வைத்திருந்தாள். அடுத்த மாதம் திரும்பப் போகிறோம். இந்த முறை ரிவஸ்டனில் இறங்காமல் நேரே பல்லேகமவுக்கு. மற்ற வயல்களின் பெயரையும் அவரிடம் கேட்க வேண்டும்.